பேச விடாமல் அனுப்புவதற்கு ஒரு சொல்

புனேயில் தமிழன் என்று தெரிந்துவிட்டால், என் அப்பா வயதுக்காரரும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். அதில் உறவும் இல்லை, மரியாதையும் இல்லை. தென்னாட்டுக்காரனுக்கு இங்கே அதுதான் பெயர். அன்று காலை கம்பெனி வாசலில் காவலாளியும் அப்படித்தான் தொடங்கினார். "அண்ணா, ஆப்கா கார்ட் பந்த் ஹோ கயா." என் அட்டையை முடக்கிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

முந்தைய வாரம் நாங்கள் அனுப்பிய பிரேக் உதிரிபாகங்கள் அளவு பிசகித் திரும்பி வந்திருந்தன. அளவு சரிபார்ப்பது என் வேலை. அளவு பார்க்கும் கருவியான கேஜ் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று சூப்பர்வைசரிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். மேனேஜர் எல்லோரையும் கூட்டி ஆங்கிலத்தில் பேசினார். யாருக்கும் 'ஷார்ட் ஷிஃப்ட்' கிடையாது என்று என் காதில் விழுந்தது. ஷிஃப்டைக் குறைக்கமாட்டார்கள் என்ற நிம்மதியோடு போபோடியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி மனைவியிடமும் சொன்னேன்.

இப்போது எச்.ஆர். அதிகாரி வாசலுக்கே வந்து வேலைநீக்கக் கடிதம் இருந்த ஒரு கவரை நீட்டினாள்.

"மேடம், ஏக் மினிட், வோ கேஜ்..."

"டிசிஷன் ஹோ சுகா ஹை, அண்ணா."

முடிவாகிவிட்டதாம். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையிலிருந்தும் என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி கத்தினார், நானும் விடாமல் கத்தினேன். அவமானம்தான். ஆனால் நான் சொன்னது முழுவதையும் அவர் கேட்டார்.

சாயங்காலம், புனேயிலேயே வளர்ந்து கல்லூரியில் படிக்கும் மகளிடம் மேனேஜர் சொன்னதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் போனில் தேடினாள்.

"அப்பா, அது ஷிஃப்ட் இல்ல. ஷார்ட் ஷ்ரிஃப்ட். மத்லப்... அதாவது, பேச விடாம சட்டுனு அனுப்பிடறது."

ஷ்ரிஃப்ட் என்றால் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் தூக்குக்குப் போகிறவனுக்கு அதற்கென்று கொஞ்ச நேரம்தான் கொடுப்பார்களாம். அந்தச் சுருக்கமான நேரம்தான் பிறகு இப்படிப் பொருள் மாறியது. யாரையும் அப்படிப் பேச விடாமல் அனுப்பமாட்டோம் என்றுதான் மேனேஜர் அன்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கசப்பாக. கயிற்றுக்குப் போகிறவனுக்கே கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது.

"உங்களுக்கு டைம் குடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

சொல்லிக் காட்டினேன். தமிழில்தான் ஆரம்பித்தேன். கேஜ் பற்றிச் சொல்லும்போது இந்தி வந்துவிட்டது. கெஞ்சவேண்டிய இடத்தில் மராத்தி வந்தது. கோபம் வந்ததும் ஆம்பூர்ப் பேச்சு. மகள் அந்த இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"அது புரியலப்பா. இந்தியில சொல்லுங்க."

அதற்கு என்னிடம் இந்தி இல்லை.