பன்னிரண்டாவது ஆள்

கடையின் பின்சுவரில் நான்கு ஆணி அடித்து ஒரு நீல விரிப்பைக் கட்டியிருந்தோம். அதன் முன்னால் முதன்முதலாக வந்து நின்றவர் வாவியில் வீச்சு வலை எறிகிற மீன்காரர் ஒருவர். வலையை எறிவதுபோல, இழுப்பதுபோல, அடிபட்டு விழுவதுபோல அவரை இருபது முப்பது படங்கள் எடுத்தோம். கணினி நீல நிறத்தை அழித்துவிட்டு ஆளை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். அது சொன்னபடி செய்தது. ஆனால் மீன்காரர் உடுத்தி வந்ததும் நீலச் சாரன். திரையில் இடுப்புக்கு மேலே மட்டும் ஒரு மனிதர் வலையோடு அந்தரத்தில் நின்றார். அவர் கிட்ட வந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பாதி ஆளத்தான் எடுத்திரிக்கயள்? மிச்சத்துக்கு நாளைக்கு வரவா?” என்று கேட்டார். கடைக்கார அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய பச்சைச் சாரனை எடுத்து வந்து கொடுத்தார். வேலை என்று வந்துவிட்டால் அவர் அப்படித்தான்.

யுத்தம் சற்று ஓய்ந்திருந்த காலம் அது. வாழைச்சேனையில் அண்ணனுடைய கணினிக் கடையில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. யாராவது பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வேன். அண்ணனிடம் எங்கிருந்தோ ஒரு சீடி வந்திருந்தது. சண்டை விளையாட்டு ஒன்றை நாமே உருவாக்கிக்கொள்ளும் மென்பொருள் அதில் இருந்தது. அவர் எங்கள் ஊர் ஆட்களை வைத்து ஒன்று செய்யத் தொடங்கினார். அதே சீடியை வைத்து ஓட்டமாவடியில் அவருடைய கூட்டாளி, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் நாங்களும் காக்கா என்று கூப்பிடுபவர், தன் ஊர் ஆட்களைக் கொண்டு இன்னொன்று செய்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே இடத்தில் கணினி படித்தவர்கள். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் காக்காதான் சொன்னார்: “ரெண்டையும் ஒண்டாக்குவமா? உங்கட ஆளும் எங்கட ஆளும் சண்டை பிடிக்கட்டும், பாப்பம்.”

சொன்ன பிறகு அவரே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஏனென்றால் அந்த நாட்களில் எங்கள் தமிழ் ஊருக்கும் அவர்களுடைய முஸ்லிம் ஊருக்கும் இடையில் ஒரு சின்ன வாய்த்தர்க்கம் போதும். கடைகள் பூட்டப்படும், பஸ் நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஊர் ஆளை மற்ற ஊர் ஆள் அடித்து விழுத்துகிற விளையாட்டு. ஏதும் பிசகினால் போவது இரண்டு பேருடைய கடைகளும்தான். ஆனாலும் அண்ணன், “செய்வம். ஆனா ஆளத் தெரிவு செய்யிறதில பிழை விடக் கூடா” என்றார்.

அந்தப் பழைய கணினி பன்னிரண்டு பேருக்கு மேல் தாங்காது. யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்று தீர்மானிக்க இரண்டு மாதம் சென்றது. இன்று என் மகனின் கைபேசியில் ஒரே விளையாட்டில் எண்பது பேர் நிற்கிறார்கள். அவன் அதில் மூன்று பேரைத்தான் தொடுவான். அண்ணன் எண்பது பேரை எடுத்திருக்கவே மாட்டார். ஊரில் பெயர் பெற்றவர் யார் என்று அவர் பார்க்கவில்லை. எப்படி அசைகிறார் என்றுதான் பார்த்தார். ஒரே மாதிரி அசைகிற இரண்டு பேர் வந்தால் ஒருவர் சும்மா நிற்பார் என்பார். வலைக்காரர் தூரத்தில் நின்று பிடிப்பவர். ஓட்டமாவடி ஹோட்டலில் கொத்துரொட்டி போடுகிறவர் ரொட்டி கொத்துகிற இரண்டு தகட்டோடு கிட்ட வந்து அடிப்பவர். பொலன்னறுவை பஸ் கொண்டக்டர் தொங்கிக்கொண்டே உதைப்பவர். தயிர்ச்சட்டி விற்கிறவர் மெதுவானவர், ஆனால் எந்த பட்டனைத் தட்டினாலும் ஏதாவது செய்வார். முதல்தரம் விளையாட வருகிறவனுக்கு அப்படி ஓர் ஆள் வேண்டும் என்பதும் அண்ணனுடைய கணக்குத்தான்.

கடைக்கு வருகிற இளைஞர்கள் துப்பாக்கி பிடித்த ஓர் ஆளைப் போடச் சொல்லி நச்சரித்தார்கள். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “துவக்கு வந்தா மத்தப் பதினொரு பேருக்கும் வேலையில்ல. கிட்ட வர முதலே முடிஞ்சிரும். அதில என்ன விளையாட்டு இரிக்கி?” விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. தெரிவு செய்த ஒவ்வொருவரிடமும் அண்ணனும் காக்காவும் நேரில் போய், “நீங்க இதில தோத்து விழுவீங்க. சின்னப் பொடியன்கூட விழுத்துவான். சம்மதமா?” என்று கேட்பார்கள். படங்களை வெட்டித் திருத்துவது என் வேலை என்பதால் சில இடங்களுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். கொத்துரொட்டிக்காரர், “விழுறது பிரச்சினையில்ல தம்பி. தகடு நிலத்தில முட்டப்படாது. சாப்பாட்டுச் சாமான்” என்றார். அதனால் விளையாட்டில் அவர் எப்போது விழுந்தாலும் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டுதான் விழுவார். ஓட்டமாவடியில் சீனடிச் சண்டைக்கலை கற்பிக்கிற வாத்தியாரோ, “நான் படிப்பிச்சவன் பாத்திட்டு நிக்கக்குள்ள நான் எப்பிடி விழுற?” என்று கேட்டார். எங்கள் ஊர்க் கபடிக் குழுத் தலைவரும் அதே பதிலைச் சொன்னார். இரண்டு ஊரிலும் அதிகம் பெயர் பெற்றவர்கள் அந்த இரண்டு பேர்தான். இருவரையும் விட்டுவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் என்ன சண்டை என்று கடைவாசலில் பலர் கோபித்தார்கள். “விழமாட்டன் எண்டு சொன்ன ஆளப் போட்டா, அவர விழுத்தினவன ஊர் சும்மா விடுமா?” என்று காக்கா திருப்பிக் கேட்டார்.

இப்படிக் கழித்துக் கழித்து வந்ததில் ஓட்டமாவடிப் பக்கம் ஆறு பேர், எங்கள் பக்கம் ஐந்து பேர். சரிபாதி இல்லாவிட்டால் காட்டவே வேண்டாம் என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சொல்லியிருந்தார்கள். அண்ணன் கரடியனாறு வரைக்கும் போய்த் தேடினார். ஓர் உழவு இயந்திரச் சாரதியைப் படமெடுத்து வந்து, தயிர்க்காரரைப் போலவே அசைகிறார் என்று கைவிட்டார்.

விளையாட்டைக் காட்டுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “தங்கச்சி, பதினொரு பேரும் அடிக்கிற ஆக்கள். விலகிற ஆள் ஒண்டும் இல்ல. ஒரு வருஷமாப் பாக்கன், இந்தக் கடைக்குள்ள எவ்வளவு நெரிசல் எண்டாலும் உன்னில ஒரு ஆள் முட்டினதில்ல.” எனக்குக் காது சுட்டது. கூச்சத்தில் சுவரோடு சுவராகப் போய்ப் பழகியதை ஒருவர் இப்படிக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் புதிது. “எனக்கு ஏலா அண்ணன்” என்றேன். “ஏலாட்டி விடு. ஆனா விழவும் வேணும். யோசிச்சுச் சொல்லு” என்றார். வற்புறுத்தவில்லை.

கலியாணப் பேச்சுத் தொடங்கியிருந்த வயது. ஆண்கள் கூடி நின்று பார்க்கிற திரையில் என்னை யாரோ விழுத்துவார்கள். வட்டையில் வயல் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். “முகம் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். காலைத் துடைத்துக்கொண்டே, “குடைய விரிச்சுப் பிடி” என்றார்.

அப்படித்தான் நீல விரிப்பின் முன்னால் முகத்தை மறைத்த கறுப்புக் குடையோடு நின்றேன். இடப்பக்கம் விலகினேன், வலப்பக்கம் விலகினேன், குனிந்தேன், விழுந்தேன். மற்றவர்களை வெட்டியதுபோலவே என் ஓரங்களையும் நானே வெட்டித் திருத்தினேன். என்னை அவ்வளவு நேரம் நான் பார்த்தது அதுதான் முதல்தரம். குடைக்குக் கீழே நின்ற பெண் பயந்தவளாகத் தெரியவில்லை. எங்கே அடி வரும் என்று அறிந்தவளாகத்தான் தெரிந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் கடை நிறைந்துவிட்டது. காக்கா பதினைந்து இருபது பேரோடு வந்தார், கொத்துரொட்டிக்காரரும் வந்திருந்தார். நான் மூலையில் திரைக்கு முதுகு காட்டிக் கடிதம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். குடைக்காரி யார் என்று அங்கே அண்ணனுக்கும் காக்காவுக்கும் மட்டுமே தெரியும். முதல் ஆட்டங்கள் சிரிப்போடு போயின. பிறகு எங்கள் தெருப் பையன் ஒருவன் குடைக்காரியை எடுத்தான், ஓட்டமாவடி இளைஞன் ஒருவன் கொத்துரொட்டிக்காரரை எடுத்தான். தகடு காற்றில் அடிக்கும் சத்தம் கேட்டது, ஒருதரம் அல்ல, எட்டுத்தரம். “பிடிடா, பிடிடா!” என்று கத்தினார்கள். ஒன்பதாவது பட்டது. நான் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். ஓட்டமாவடிப் பக்கத்தில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

“எங்கட பொம்பிளப் பிள்ளைய விழுத்திப்போட்டுச் சிரிக்கிறயளா?”

“நாங்களா போட்டம்? நீங்கதானே கொண்டுவந்து போட்டயள்!”

இருந்தவர்கள் எழும்பக் கதிரைகள் இழுபட்டன. திரும்பிப் பார்த்தேன். முன்னுக்கு நின்ற இருவர் நெஞ்சோடு நெஞ்சு முட்ட நின்றார்கள். காக்காவின் கை மின்சாரச் சுவிட்சுக்குப் போய்விட்டது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது என்னை எழும்பச் சொல்லிக் கேட்டதாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் எழுந்தேன். “அது நான்தான்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னேன். “அது நான்தான். என்னக் கேட்டுத்தான் போட்ட. சம்மதிச்சுத்தான் விழுந்தன். நீங்க ஏன் சண்டை பிடிக்கிறயள்? அடுத்த ஆட்டத்தப் போடுங்க.”

கடை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் உட்காரவில்லை. உண்மையான கொத்துரொட்டிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: “எட்டுத்தரம் போட்டும் படல்லயே தங்கச்சி. ஹோட்டல்ல நான் இப்பிடிப் பிழை விட்டா முதலாளி வேலையால நிப்பாட்டிருவார்.” நெஞ்சோடு முட்டி நின்றவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர் அவரை ஒருதரம் முறைத்துவிட்டு, “சரி, இப்ப நான் குடைய எடுக்கன்” என்று கதிரையை இழுத்துப் போட்டார். அவர் ஓட்டமாவடிக்காரர்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு அண்ணன் விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த முறை செய்யக்குள்ள நீ அடிக்கிறதுக்கும் ஒரு அடி வைப்பம்.”

“வேணாம் அண்ணன். இன்னும் கொஞ்சம் வேகமா விலக வையுங்க. அது போதும்” என்றேன்.

அடுத்த முறை வரவில்லை. சண்டை மறுபடி தொடங்கியது, கடை பூட்டப்பட்டது, அண்ணன் வெளிநாடு போய்விட்டார். நான் இன்று பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஒன்பது பெண்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இப்போதும் கூட்டத்தில் அதிகம் கதைக்க மாட்டேன். ஆனால் எங்கே விலக வேண்டும், எந்த இடத்தில் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை. அண்ணனிடம் நான் கேட்ட அந்தத் திருத்தத்தைச் செய்ய அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. நானே செய்துகொண்டேன்.