நாலு முன்னந்தொடைகள்

அப்பா நோர்வேயில் ஹோட்டல் சமையலறை ஒன்றில் பதினான்கு வருடம் பாத்திரம் கழுவினார். அவரோடு அதே தொட்டியடியில் நின்ற நோர்வேக்காரர் ஓய்வு பெற்ற கோடையில்தான், அவரை அப்பா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்; வேலையிடத்து ஆள் ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம்.

"நான் அவங்கடை மொழி கதைக்கிறதைக் கேட்டு ஒருநாளும் சிரிக்காத மனிசன், தம்பி. வடிவாச் சாப்பாடு குடுக்கோணும்."

அந்த மனிதருக்குப் புகைபோட்ட பன்றியிறைச்சி என்றால் விருப்பம். அப்பா எலும்போடு நாலு முன்னந்தொடைகள் வாங்கினார். புகை அடுப்புக்கு ஒரு பழைய இரும்புப் பீப்பாயை நெடுக்காக வெட்டி, கீல் வைத்து மூடி பூட்டினார். செய்முறையை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கடிதமோ மருந்துப் போத்தலோ, எழுத்து என்றால் என்னிடம்தான் வரும். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பார்த்து, "எட்டு மணித்தியாலம். மூடி திறக்கக் கூடாது" என்றேன்.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு, தொடர்மாடிக்குப் பின்னால் புல்தரையில் நெருப்பு மூட்டினோம். விருந்து இரண்டு மணிக்கு. அப்பாவால் திறக்காமல் இருக்க முடியவில்லை. இறைச்சி அடுப்பில் கிடந்தால் திறந்து, பிரட்டி, உப்புப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள்?

"அப்பா, திறவாதையுங்கோ! சூடு போகுது."

"பாக்காமல் வெந்ததோ எண்டு எப்பிடியடா தெரியும்?"

"புத்தகத்திலை நேரம் கிடக்குது."

"புத்தகம் இந்தப் பண்டியைக் கண்டதோ?"

ஒன்றேமுக்காலுக்குக் கத்தியால் குத்திப் பார்த்தேன். நாலுக்கும் உள்ளே சிவப்பு. சரியாக இரண்டு மணிக்கு அந்த மனிதர் பூச்சாடியோடு வந்து நின்றார். கூப்பிட்ட எங்கள் சொந்தக்காரரில் ஒருவரும் இன்னும் வரவில்லை.

"எல்லாம் நீங்கள் திறந்ததாலைதான்!" அவருக்கு முன்னாலேயே தமிழில் கத்திவிட்டேன். சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியிருக்கும். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

அம்மா இறங்கி வந்தார். "சண்டையைப் பிறகு பிடியுங்கோ. ஒண்டைத் தூக்கித் தாங்கோ."

ஒரு தொடையை மேலே கொண்டுபோய்ச் சிறு துண்டுகளாக வெட்டி, உள்ளி, மிளகு, வறுத்த மிளகாய்த்தூள் போட்டுச் சட்டியில் வேகவைத்தார். ஒரு மணித்தியாலத்தில் கறுத்த, புகை மணக்கும் பிரட்டல். அந்த மனிதர் கண்ணும் மூக்கும் ஓட மூன்றுதரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அவரும் அப்பாவும் பீப்பாயடியில் கதிரை போட்டு இருந்தார்கள். அப்பா தன் உடைந்த நோர்வேஜிய மொழியில், கையால் பாதி வாயால் பாதி, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை.

சொந்தக்காரர் ஐந்து மணிக்கு வந்தபோது மற்ற மூன்றும் எலும்பை விட்டு உதிரும் பதத்தில் இருந்தன. "எங்கடை சனம் பிந்தி வந்ததும் நல்லதுக்குத்தான்" என்றார் அம்மா.

திங்கட்கிழமை, திருப்பிக் கொடுக்கமுன் புத்தகத்தைப் புரட்டினேன். எட்டு மணித்தியாலம் ஒரு தொடைக்கு மட்டும். பல துண்டுகளை நெருக்கி வைத்தால் கூடுதல் நேரம் பிடிக்கும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அன்று நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நான் திறந்தது பிழையில்லையோ?"

"அதுவும் பிழைதான், அப்பா. ஆனால் அவருக்கு முன்னாலை நான் கத்தினது..."

"அவருக்குத் தமிழ் தெரியாதுதானே" என்று கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "முதலிலையிருந்து வாசி. அடுத்த கோடைக்கும் வாறாராம்."