தலையைத் தின்றவன்

ஒவ்வொரு வழக்குக்கு முன்பும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஜிபாரா ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘தெரிந்தே தவறாக மொழிபெயர்த்தால் தண்டனை உண்டு’ என்று அதில் அச்சடித்திருக்கும். பதினோரு ஆண்டுகளில் நானூறு காகிதத்திலாவது போட்டிருப்பாள். முதல் தடவைக்குப் பிறகு அதைப் படித்ததே இல்லை. அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை மதியம்தான் இரண்டாவது தடவையாகப் படித்தாள்.

காரணம், சற்றுமுன் புரட்டிய வழக்குக் கட்டின் பதினான்காம் பக்கம்.

மேய்ச்சல்காரன் எசென் தன் கூட்டாளி ஷெர்காசியைக் கொன்றதாக வழக்கு. டிசம்பரில் இருவருக்கும் மேய்ச்சல் நிலத்தை வைத்து வாய்த்தகராறு. மறுநாள், ஆற்றின் அக்கரையில் நின்ற எசெனின் குதிரையைப் பிடித்துவரப் போன ஷெர்காசி, பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டான். பார்த்தவர் யாருமில்லை. பிணத்தின் நெற்றியில் ஒரு காயம். கட்டு முழுவதையும் சலித்தாலும் எசெனைப் பன்னிரண்டு வருஷம் உள்ளே தள்ளக்கூடிய வரி ஒன்றே ஒன்றுதான் தேறும்: ‘நான் அவனைக் கொன்றேன்.’

எசென் அப்படிச் சொல்லவில்லை. விசாரணையில் அவன் பேசியதை ரஷ்ய மொழியில் எடுத்துச் சொன்னவளே ஜிபாராதான். “அவன் தலையைத் தின்னுட்டேனே!” என்று அவன் அன்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். அதை விளக்கப் பொழுதில்லை. ஐந்து மணிக்கு அவள் ஊருக்குக் கடைசிப் பேருந்து. ‘அவனை அழித்துவிட்டேன்’ என்று சுருக்கிச் சொன்னாள். தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்த விசாரணை அதிகாரி அதை இன்னும் கொஞ்சம் சீவி, ‘கொன்றேன்’ என்று எழுதிக்கொண்டார். படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டு அவள் பேருந்துக்கு ஓடினாள். எசென், காட்டிய இடத்தில் தன் பெயரைக் கிறுக்கினான்.

சோவியத் ஒன்றியத்திலிருந்து நாடு தனியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கொடி மாறியது, பணம் மாறியது. கோப்புகளின் மொழி மட்டும் மாறவில்லை, ரஷ்ய மொழிதான்.

தாழ்வாரத்தில் அரசு வழக்குரைஞன் மிர்லான் எதிரே வந்தான். பள்ளியில் அவளிடம் ரஷ்ய மொழி படித்தவன்.

“டீச்சர், முகம் ஏன் வெளுத்திருக்கு? பதினாலாம் பக்கம் பாத்தீங்களா?”

“பாத்தேன். அதுல ஒரு சொல்லு...”

“அதுல ஒங்க கையெழுத்து இருக்கு.” குரலைத் தாழ்த்தினான். “இருக்கிறதை இருக்கிறபடி படிங்க. அவனுக்காக நீங்க உள்ளே போகணுமா?”

கூண்டுக்குள் எசென் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீல் அப்போதுதான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில், கறுப்புத் துணி கட்டி, இறந்தவனின் தாய் உல்கான்.

நீதிபதி தெமிரோவ் நகரத்தில் வளர்ந்த கிர்கிஸ்காரர். தாய்மொழி அவருக்குச் சமையலறையோடு சரி. “பதினாலாம் பக்கத்தை எசெனுக்கு அவர் மொழியிலேயே படிச்சுக் காட்டுங்க,” என்றார்.

ஜிபாரா படித்தாள். தகராறு, குதிரை, ஆறு. அந்த வரி வந்தது. மிர்லான் பேனாவால் மேசையை மெல்லத் தட்டினான்.

“நான் அவனைக் கொன்னேன்.”

எசென் எழுந்து கம்பியைப் பிடித்தான். “அக்கா! நான் அப்படியா சொன்னேன்? நீங்கதானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க!”

“என்ன சொல்றார்?” என்றார் நீதிபதி.

அவளைப் பற்றிய பேச்சானாலும் மொழிபெயர்க்க வேண்டியது அவள்தான். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாள்: “‘அக்கா, நான் அப்படியா சொன்னேன்? நீங்கதானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க.’”

மிர்லான் எழுந்தான். “ஒண்ணு, இவன் பொய் சொல்றான். இல்லேன்னா அன்னிக்கு மொழிபெயர்ப்பாளர் பொய் சொன்னாங்க. எதுன்னு அவங்களே சொல்லட்டும்.”

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. ‘இவன் பொய் சொல்கிறான்’ என்று மூன்று சொல் சொன்னால் ஐந்து மணிப் பேருந்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.

“அவர் அப்படிச் சொல்லலைங்க,” என்றாள் ஜிபாரா. “அவர் சொன்னது, ‘அவன் தலையைத் தின்னுட்டேன்’னு. நான் அவசரத்துல ‘அழிச்சுட்டேன்’னு சொன்னேன். அது ‘கொன்னேன்’னு ஏறிடுச்சு. படிக்காம கையெழுத்துப் போட்டேன்.”

“தலையைத் தின்கிறதா?” மிர்லான் சிரித்தான். “இது கோர்ட்டா, சாப்பாட்டுக் கடையா?” பின்வரிசையில் இரண்டொருவர் சிரித்தார்கள்.

அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். அவன் அப்பா இறந்தபோது வாசலில் நின்று அவன் அதே சொல்லைச் சொல்லிக் கதறியதை ஜிபாரா தன் காதால் கேட்டிருக்கிறாள். அவனையே பார்த்தாள். அவன் கண்ணைக் கோப்பில் புதைத்துக்கொண்டான்.

“இப்ப நீங்க சொல்றதை நான் எப்படி நம்புறது?” என்றார் நீதிபதி.

“என்னை நம்ப வேண்டாங்க. செத்தவரோட அம்மா இருக்காங்க. அவங்களைக் கேளுங்க. நான் மொழிபெயர்க்க மாட்டேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, அந்த மன்றத்தில் அதுவரை யாரும் கேட்டிராத தடுமாறும் கிர்கிஸ் மொழியில், “அம்மா... நீங்க... சொல்லுங்க. மெதுவா,” என்றார்.

உல்கான் எழுந்தாள். “மூணு மாசமா இந்தப் படியை ஏறி எறங்குறேன். எங்க பேச்சுல ஒருத்தர் கேக்கறது இன்னிக்குத்தான்.” கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். “இவன் கொன்னானா இல்லையான்னு எனக்குத் தெரியாது, புள்ள. அதைக் கண்டுபிடிக்கத்தான் சர்க்கார் இருக்கு. ஆனா இது கொலைகாரன் சொல்லு இல்ல, இழவுச் சொல்லு. பொழைச்சுக் கெடக்கிறவன் செத்தவனைப் பாத்துச் சொல்றது. எம் புருஷன் மாரடைப்புல போனாரு. நானும் அவரு தலையைத் தின்னேன்னுதான் அழுதேன். என்னையும் அந்தக் கூண்டுல போடுறியா?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூண்டருகே நின்ற காவலன் தன்னை மறந்து தலையாட்டிவிட்டு, சட்டென்று நிமிர்ந்து நின்றான்.

தன் அறைக்குப் போன நீதிபதி அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து எழுதியதைப் படித்தார். பதினான்காம் பக்கம் சாட்சியத்திலிருந்து நீக்கம். வழக்கு மறுவிசாரணைக்குப் போகும். ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எசென் வீட்டுக்குப் போகலாம். மொழிபெயர்ப்பாளர் பணியிலிருந்து நிறுத்தம். அவர்மீது தனி விசாரணை.

காவலன் கூண்டைத் திறந்தான். எசென் உல்கானின் முன்னால் போய்த் தலை குனிந்து நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

மிர்லான் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து வைத்தான். “விளக்கம் எழுதணும், டீச்சர்.”

“எந்த மொழியில?”

அவள் கிர்கிஸ் மொழியில் எழுதத் தொடங்கினாள். எசென் சொன்னதை, அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டது உட்பட, நடந்தபடியே எழுதினாள்.

“இதை யாரு மொழிபெயர்க்கிறது?” என்றான் மிர்லான்.

“என்னைத்தான் நிறுத்தியாச்சே. நீதான் பண்ணணும். அந்த ஒரு வரியை மட்டும் சுருக்கிடாதே.”

வெளியே ஐந்து மணிப் பேருந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. ஜிபாரா தாளை முதல் வரியிலிருந்து படித்துப் பார்க்க ஆரம்பித்தாள். கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாகவே இருந்தது.