வில்லனுக்கு மச்சான் முகம்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவரை ஓவியர் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. 'மூணு கட்டம்' என்றால்தான் வாசல் காவலாளிகூட வழி காட்டுவார். ஐந்தாம் பக்கத்தின் அடியில், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கும் வாடகை வீட்டு விளம்பரங்களுக்கும் நடுவே, தினமும் மூன்று கட்டங்களில் ஓர் உளவு நாவலைச் சித்திரக்கதையாக்கிப் போடுவது அவர் வேலை.

நாவலாசிரியர் தலையணை தடிமனுக்கு எழுதுவார். அதில் உளவாளி ஜன்னலோரம் நின்று, விசுவாசம் என்றால் என்ன, துரோகம் என்றால் என்ன என்று ஓர் அத்தியாயம் முழுக்கச் சிந்திப்பான். மூணு கட்டத்தின் கையில் அது ஒரே கட்டமாகச் சுருங்கிவிடும்: ஒரு ஜன்னல், ஒரு முதுகு, தலைக்கு மேல் 'ம்...'. மூன்றாவது கட்டத்தில் மட்டும் தினமும் ஆபத்து வந்தாக வேண்டும். நாவலில் ஆபத்து வராத நாட்களில் கதவு தட்டப்படும். 'யார் அது?' என்பான் உளவாளி. மறுநாள் பார்த்தால் பால்காரர் நிற்பார்.

பத்திரிகையின் ஆசிரியருக்கோ அது குடும்பப் பத்திரிகை. எனவே உளவாளியின் கையிலிருந்த விஸ்கி எலுமிச்சைச் சாறாக மாறியது. முத்தம் கைகுலுக்கலானது. கொலைக்கு மட்டும் தடையில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து ரசிக்கக்கூடிய விஷயம்தானே அது.

உளவாளிக்கு மூணு கட்டம் தன் முகத்தையே கொடுத்திருந்தார். தொப்பையைக் கழித்து, தலைமுடியைக் கூட்டி, தாடையைச் செதுக்கிய பிறகு அவருடையது என்று மிச்சமிருந்தது மூக்கு மட்டும்தான். ஒருநாள் மனைவியிடம் படத்தை நீட்டினார்.

"இது யார் மாதிரி இருக்கு?"

"யார் மாதிரியும் இல்லையே. ஏன், இருக்கணுமா?"

அதன் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை.

மனைவிக்கு ஒரு தம்பி. நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். வேலை மாற்றலாகி வந்தபோது, 'வீடு கிடைக்கிற வரைக்கும்' என்று அக்கா வீட்டுக்குள் பெட்டியோடு நுழைந்தவன். வீடுகள் நிறையக் கிடைத்தன. ஒன்றில் காற்று வரவில்லை, இன்னொன்றில் காற்று அதிகம். அவனுக்கு அறையை விட்டுக்கொடுத்ததில் மூணு கட்டத்தின் வரைமேசை சமையலறை வாசலுக்கு வந்து சேர்ந்தது. கடுகு வெடிக்கும்போது உளவாளியின் முகத்தில் எண்ணெய் தெறித்தது. காலையில் பத்திரிகையை முதலில் பிரிப்பவனும் மச்சான்தான், குளியலறையைக் கடைசியில் காலி செய்பவனும் மச்சான்தான்.

மனைவியிடம் சொல்ல முடியாததை மூணு கட்டம் மையிடம் சொன்னார். புது நாவலின் வில்லனுக்குக் 'கறுப்புக் கையுறை' என்று பெயர். அவனுக்கு மச்சானின் முகத்தை வைத்தார். எதையும் கழிக்கவில்லை, கூட்டவில்லை. ஏறு நெற்றி, அடர்ந்த புருவம், கொஞ்சம் தொங்கும் இடது இமை எல்லாம் அப்படியே. கையுறையை மட்டும் மாட்டிவிட்டார்.

படம் வெளியான காலையில், வெடிக்கப்போகும் சண்டைக்குத் தயாராகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் ஐந்தாம் பக்கத்தைப் பார்த்தான். எழுந்து கண்ணாடியைப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடியும் பக்கத்தைப் பார்த்தான்.

"மாமா, இது நானா?"

"சேச்சே. ஏதோ தற்செயலா அமைஞ்சிருக்கும்."

"இமைகூட தொங்குதே."

மாமா சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"நல்லா இருக்கு மாமா," என்றான் மச்சான். அன்றைக்கு முதல்முறையாகக் குளியலறையைச் சீக்கிரம் காலி செய்துவிட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவன் எப்படிப்பட்ட பரிசோதகர் என்பதைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். டிக்கெட் எடுக்காதவர்கள் அவனைக் கண்டு பயந்ததில்லை. அவன்தான் அவர்களைக் கண்டு பயந்தான். ஒருமுறை ஒரு பயணி திட்டிய திட்டில் அடுத்த நிறுத்தத்தில் இவனே இறங்கிக்கொண்டான். இப்போது நிலைமை தலைகீழ். அவன் படியேறினால் பேருந்து அமைதியானது. பின் இருக்கையில் யாரோ, "கையுறை வர்றான்டா," என்று முணுமுணுத்தார்கள். கேட்பதற்கு முன்பே டிக்கெட்டுகள் நீண்டன. டிக்கெட் இல்லாத ஒருவர், "தப்புதான் சார்," என்று தானாகவே எழுந்து நின்றார். கல்லை எறிந்தால் காய் விழும் என்பார்கள்; மூணு கட்டம் கல்லை எறிந்ததில் மச்சானுக்குத் தோப்பே கிடைத்துவிட்டது.

ஆனால் நாவல் என்றால் ஒருநாள் முடிந்துதான் ஆக வேண்டும். கடைசி அத்தியாயத்தில், ஓடும் ரயிலில், கறுப்புக் கையுறை முழங்காலிட்டு உளவாளியின் காலைப் பிடித்துக் கதறுவான். உளவாளி அவனை ஆற்றுப்பாலத்தில் உதைத்துத் தள்ளுவான். மூணு கட்டம் அந்த அத்தியாயத்துக்காகத்தான் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

மச்சான் அலமாரியிலிருந்து நாவலை எடுத்துப் படித்துவிட்டான். அன்று முதல் வீட்டில் சாப்பாடு ருசி குறைந்தது.

"அவன் இப்பதான் நிமிர்ந்து நடக்கிறான், உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றாள் மனைவி.

"நானா கொல்றேன்? நாவலாசிரியர் கொன்னுட்டாரு. நான் படம்தான் போடுறேன்."

"எல்லாக் கொலைகாரனும் இப்படித்தான் யாரையாவது கைகாட்டுவான்."

வேறு வழியில்லாமல் ஆசிரியரிடம் போய், வில்லனைப் பிழைக்க வைக்கலாமா என்று இழுத்தார். "அடுத்த நாவலுக்கு அறிவிப்பு கொடுத்தாச்சு. சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க," என்றார் ஆசிரியர், சந்தா முடிந்த வாசகரைப் பற்றிப் பேசுவதுபோல.

மச்சானின் விடுமுறை நாளன்று மதியம், மூணு கட்டம் வரைந்துகொண்டிருந்தபோது அவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தாளில் கறுப்புக் கையுறை பென்சில் கோட்டில் முழங்காலிட்டிருந்தான். கண்ணீர் மட்டுமில்லை, மூக்கும் ஒழுகியது. அவ்வளவு பிரியமாக வரைந்திருந்தார். கையால் மறைப்பதற்குள் மச்சான் பார்த்துவிட்டான்.

"சாகட்டும் மாமா. கதையில அப்படித்தானே இருக்கு. அதைக் கேட்க நான் வரல."

"பின்ன?"

"கெஞ்ச மட்டும் வேண்டாம். நாளைக்கு நான் பஸ்ல ஏறணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். மூணு கட்டம் அந்த ஒழுகும் மூக்கைப் பார்த்தார். இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் மச்சான் தன்னிடம் கேட்ட ஒரே உதவி இதுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அறையைக்கூட அவன் கேட்கவில்லை, அக்காதான் கேட்டாள். ரப்பரை எடுத்தார்.

சனிக்கிழமை வெளிவந்த முதல் கட்டத்தில் கறுப்புக் கையுறை நிமிர்ந்து நின்று கையுறையைச் சரிசெய்தான். இரண்டாவதில், 'நீ தள்ள வேண்டாம். எனக்கே இறங்கத் தெரியும்,' என்றான். மூன்றாவதில் திறந்த கதவு, கீழே ஆறு, நீட்டிய கையோடு வாய் பிளந்து நிற்கும் உளவாளி. பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி இருந்தான். தன் முகம் இவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிந்தும் மூணு கட்டத்துக்கு அதைத் திருத்தத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நாவலாசிரியர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "புத்தகம் பூரா பாடுபட்டு அவனை முழங்கால் போட வெச்சேன். ஒரே கட்டத்துல எழுப்பி விட்டுட்டீங்களே. வில்லனுக்கு எதுக்கு சார் மானம்?"

"வாசகர்கள் காலையிலேர்ந்து போன் பண்றாங்க," என்றார் ஆசிரியர்.

"திட்டுறாங்களா?"

"துக்கம் விசாரிக்கிறாங்க."

நாவலாசிரியர் உட்கார்ந்தார். வந்த தேநீரைக் குடித்தார். அடுத்த பதிப்பில் வில்லன் கெஞ்சவில்லை. அதே வசனத்தைப் பேசிவிட்டு இறங்கினான். ஒரு நூலகக் கூட்டத்தில் யாரோ அதைப் பாராட்டியபோது, "அந்த வரி எனக்கே எங்கிருந்து வந்துதுன்னு தெரியல," என்று சொன்னாராம். மச்சானைப் பற்றி அவருக்குத் தெரியாது; அந்த மட்டில் அவர் பொய் சொல்லவில்லை.

மச்சான் பேருந்தில் ஏறினான். ஓர் அம்மாள் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார். "வேலை நேரத்துல உட்காரக்கூடாதும்மா," என்று மறுத்து, டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தான். சில வாரங்களில் ஊர் கறுப்புக் கையுறையை மறந்தது; பழைய பத்திரிகை எத்தனை நாள் வீட்டில் தங்கும்? மறுபடியும் சிலர் அவனைத் திட்டினார்கள். அவன் காதில் வாங்கிக்கொண்டே பக்கத்தில் நின்றான், அவர்கள் டிக்கெட் எடுக்கும் வரை.

பிறகு பணிமனைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டான். அதில் காற்று சுமார்தான். பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தது மூணு கட்டம்தான்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வா," என்றார்.

"அக்கா சொன்னாங்களா?"

"நான்தான் சொல்றேன்."

வந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் அடுத்த நாவலை வைத்துக்கொண்டு, நூற்றுச்சொச்சம் பக்கம் வரைக்கும் ஒருத்தனும் சாகாத இந்தக் கதையில் தினமும் ஆபத்துக்கு எங்கே போவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

"கதவைத் தட்ட வைங்க மாமா," என்றான் மச்சான். "தபால்காரர் வரட்டும்."