ஆக்சுவலி

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் புத்தகத்தை முதலில் திறந்தவன் நான்தான். ஆனால் 'ஆக்சுவலி' என்ற சொல் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து அம்மா கொண்டுவந்தது.

அம்மா அங்கே தையல் லைனில் இருந்தாள். அப்பா தோல் வெட்டும் மெஷினில். அவர்களுடைய சூப்பர்வைசர் எந்தக் கெட்ட சேதியையும் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் ஆரம்பிப்பார். ஆர்டர் குறைந்தாலும் அதுதான், லீவு கிடையாது என்றாலும் அதுதான். அது காதில் விழுந்ததுமே லைனில் உள்ள பெண்கள் மெஷினை நிறுத்திவிடுவார்களாம். வீட்டில் அம்மா அவரைப் போலவே கழுத்தைச் சொறிந்துகொண்டு, "ஆக்சுவலி, இன்னிக்குக் கொழம்புல கறி கம்மி" என்பாள். "இன்னா சார் இது அநியாயம்" என்று அப்பா தட்டைத் தட்டுவார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, 'உண்மையில்' என்று பொருள் சொன்னார். திங்கட்கிழமை அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதி வர வேண்டும். அம்மாவிடம் பொருளைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"போடா, உங்க டீச்சர் எங்க கம்பெனிக்கு வந்ததில்ல போல."

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓவர்டைமுக்குப் போயிருந்தார். அம்மா அடுப்பில் உலை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. சூப்பர்வைசர். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல், "ஆக்சுவலி..." என்றார்.

அம்மா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த வெங்காயமெல்லாம் உருண்டோடியது.

"எந்தக் கையி?"

"பேஜாராவாதக்கா. ஒண்ணும் இல்ல..."

"எந்தக் கையி சார்?"

அவர் பைக்கைத் திருப்பினார். அம்மாவுக்கு அப்படியொரு முகம் உண்டென்று அன்றுவரை எனக்குத் தெரியாது. செருப்புகூடப் போடாமல் பின்னால் ஏறிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கெட்ட சேதி எதையும் அவர் இன்னும் சொல்லவில்லையே.

அடுப்பை அணைக்கப் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தாள்.

"ஒண்ணும் இல்லன்னுதான அத்தை சொன்னாரு? ஆக்சுவலின்னா உண்மையிலன்னு அர்த்தம்" என்றேன். அத்தை என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

அன்று அம்மாவும் அப்பாவும் வீடு திரும்பவில்லை. அத்தை வீட்டில் உட்கார்ந்து வாக்கியத்தை எழுதினேன். முழுக்க இங்கிலீஷில், பிழையில்லாமல். அதன் பொருள்: உண்மையில், என் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் டீச்சர் அதற்குச் சரி போட்டு, எழுந்து நின்று படிக்கச் சொன்னார். படித்தேன். வகுப்பே கைதட்டியது.

வேலூர் ஆஸ்பத்திரியில் அப்போது அப்பாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.