மருதமுத்து அழித்த ஒரே படம்

மருதமுத்துவுக்கு எதையும் தூக்கியெறிய வராது. மலாக்காவில், பெம்பானுக்குப் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருபத்தோரு வருஷமாக அறிவியல் கூடத்து உதவியாளர். விளிம்பு உடைந்த குடுவை, முள் இல்லாத தராசு, மூடி தொலைந்த புட்டி என்று எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். கேட்டால், "என்னைக்காவது வேண்டி வரும்" என்பார். அந்த என்றைக்காவது இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை.

பத்திரப்படுத்துவதில் இப்படிப் பேர் எடுத்தவர் என்பதால்தான், 1999-இல் ஒரு கம்பெனி பள்ளிக்கு டிஜிட்டல் கேமரா ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தபோது, தலைமையாசிரியர் அதை மருதமுத்துவின் இரும்பு அலமாரியில் வைக்கச் சொன்னார். புகைப்படக் கழகத்து டீச்சர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போயிருந்தார். அவர் திரும்பும்வரை கழகத்தையும் மருதமுத்துவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. மருதமுத்துவுக்குப் படம் எடுக்கத் தெரியாது. படத்துக்கு நிற்கத்தான் தெரியும்: விறைப்பாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியாமல்.

கேமரா செங்கல் பருமன் இருந்தது. ஃபிலிம் கிடையாது. கம்ப்யூட்டரில் போடுகிற சதுர டிஸ்க்கை அதன் பக்கவாட்டில் செருக வேண்டும். ஒரு டிஸ்க்கில் இருபது படம் நிற்கும். முதுகில் இருந்த சின்னத் திரையில் எடுத்த படத்தை அப்போதே பார்க்கலாம். கூடவே ஒரு கடிதமும் வந்திருந்தது. மாணவர்கள் இதை வைத்து 'என் ஊர் மக்கள்' என்று ஒரு படைப்பைச் செய்து காட்ட வேண்டும், ஆகஸ்டு மாதம் ஆள் வந்து பார்ப்பார், திருப்தி இல்லாவிட்டால் கேமரா மலாக்கா டவுனில் இருக்கும் வேறொரு பள்ளிக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது.

போனால் போகட்டும் என்று மருதமுத்து விட்டிருக்கலாம். முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பள்ளியில் யாராவது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், எதையோ உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கேமரா வந்த பிறகோ இடைவேளை மணி அடித்ததும் பன்னிரண்டு பிள்ளைகள் கூடத்து வாசலில் வந்து நின்று "மருதண்ணே" என்றார்கள். அந்தக் கூப்பிடல் அவருக்குத் தேனாக இனித்தது. கேமரா போனால் இந்தக் கூட்டமும் போய்விடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாளே வந்தது வினை. பழகிப் பார்க்க யாரை எடுக்கலாம் என்று யோசித்து, பள்ளிக் கேன்டீனில் வேலை செய்யும் தன் மனைவி முனியம்மாவையே அழைத்து வந்து நிறுத்தினார். கழகத்தின் செயலாளர் கலைமகள், நான்காம் படிவம், வாய் கொஞ்சம் நீளம். அவள்தான் படம் எடுத்தாள். முனியம்மா கண்ணை மூடிவிட்டிருந்தாள்.

"நல்லால்லண்ணே. டிலீட் பண்ணிட்டு வேற எடுக்கலாம் லா" என்று சொல்லிக் கலைமகள் ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையில் இருந்த முனியம்மாவைக் காணோம்.

"எங்க போச்சு?"

"போச்சுண்ணே. அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா, எங்கயாச்சும் இருக்கும்ல?"

"எங்கயுமே இல்லண்ணே."

மருதமுத்து பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் உயிரோடு இருப்பவரின் படத்தை யாரும் கிழிக்க மாட்டார்கள்; கிழித்தால் அந்த ஆளுக்கு ஆகாது என்பார்கள். பாகம் பிரிந்து ஜென்மப் பகையான அண்ணன் தம்பிகள்கூட, குடும்பப் படத்தில் ஆளை வெட்டாமல், படத்தையே சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். இந்தப் பெண் என்னடாவென்றால் ஒரு முழு ஆளை விரலால் துடைத்துவிட்டாள்.

அன்று மத்தியானமே முனியம்மா கேன்டீன் வாசலில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது.

"காக்கா ஒக்காரப் பனம்பழம் விழுந்த கதை. சோப்புத் தண்ணியில கால வெச்சா எவளா இருந்தாலும் விழுவா. ஒங்க பொட்டி என்னா பண்ணும்?" என்றாள் அவள், கால் வலியோடு சிரித்துக்கொண்டே.

காக்கையோ பனம்பழமோ, அடி விழுந்தது தன் பெண்டாட்டிக்கு என்று மருதமுத்து நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை அலமாரிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தார்: 'முகம் உள்ள படத்தை அழிக்கக் கூடாது.'

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்க முடியவில்லை. கண் மூடிய முகம், ஆடிப்போன முகம், தும்முகிற முகம், பாதி முகம் எல்லாம் அப்படியே டிஸ்க்கில் குடியிருந்தன. பத்து டிஸ்க் அடங்கிய பெட்டி ஒரே மாதத்தில் காலியாகும் நிலைக்கு வந்தது. ஒன்பது டிஸ்க்கில் ஓர் இடம் போக மற்றதெல்லாம் முகம். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்க் கேட்டால், இனி அடுத்த வருஷம்தான் என்று கையை விரித்துவிட்டார். பிள்ளைகள் வீட்டிலிருந்து டிஸ்க் கொண்டுவந்தால், அதில் வைரஸ் இருக்கும் என்று மருதமுத்து கிட்டவே சேர்க்கவில்லை. கலைமகள் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல காப்பி போட்டுட்டு, டிஸ்க்குல அழிச்சிடலாம்ணே. ஆளு பத்திரமா அங்க இருப்பாங்க."

"ஆள ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிட்டு, இங்க வீட்ட இடிக்கச் சொல்றியா?"

வழி கண்டுபிடித்தவன் ரஷீத். அவன் ஐந்தாம் படிவம், பேச்சு குறைவு, பேசினால் வக்கீல். "அண்ணே, மொகம் இருந்தாத்தானே அழிக்கக் கூடாது. மொகமே இல்லாம எடுத்தா?" என்று கேட்டான்.

மருதமுத்து ஒரு பகல் முழுக்க யோசித்தார். காலை எடுத்தால் கால்தான், ஆள் இல்லை. கையும் அப்படியே. முதுகைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. திரும்பினால் முகம் வந்துவிடுமே என்று. கடைசியில் முதுகுக்கும் அனுமதி கொடுத்தார்.

அதற்கப்புறம் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. மீதமிருந்த ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு எடுப்பதும் பார்ப்பதும் அழிப்பதும் மறுபடி எடுப்பதுமாகத் திரிந்தார்கள். கடலோரத்து உம்பாய்க்குப் போய் மீன்கடை சாலிஹா அக்காவின் செதில் ஒட்டிய முழங்கையை எடுத்து வந்தார்கள். தோட்டத்துக் கோயிலில் அன்னதானம் போடும் இருசம்மாளின் கரண்டி பிடித்த கை, பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் யாரோ ஒருவரின் குடைக்கீழ் நிழல் என்று பத்து படம் தேறியது. ஒரு படத்துக்கு நாற்பது தடவை அழித்து அழித்து எடுத்தார்கள். படங்கள் நன்றாக இருக்கின்றன என்று மருதமுத்துவுக்கே தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

சண்டைக்கு வந்தவர் தம்புசாமி ஒருவர்தான். ஐம்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். படம் என்றதும் மீசைக்கு மை பூசி, இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் சங்கிலியுமாக வந்து நின்றிருந்தார். பிள்ளைகள் அவருடைய பித்தவெடிப்புக் குதிகால்களை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார்கள்.

"மருதமுத்து, என் தலை எங்கடா?"

"மாமா, தலை வந்தா அழிக்க முடியாது மாமா."

"எதுக்குடா என் தலைய அழிக்கணும்? நான் ஒனக்கு என்ன பண்ணேன்?"

அவரைச் சமாதானப்படுத்த, ஒன்பதாவது டிஸ்க்கில் மிச்சமிருந்த ஓர் இடத்தில் மீசையோடு முழு ஆளாக எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்டு வந்தது. டவுனில் ரஷீதின் மாமா கடையில் பத்து படங்களையும் பெரிதாக அச்சடித்து, அறிவியல் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். ஊர் மக்களும் பார்க்கட்டும் என்று தலைமையாசிரியர் தோட்டத்தாரையும் அழைத்திருந்தார். படங்களின் கீழே பெயர் எழுதவில்லை. எழுதவும் தேவைப்படவில்லை. "இது இருசம்மா கை, கரண்டிய அவதான் இப்படிப் பிடிப்பா" என்று ஒருவர் சொன்னால், "இந்தக் காலு நம்ம தம்புசாமி" என்று இன்னொருவர் கத்தினார். தம்புசாமி தன் குதிகாலின் பக்கத்திலேயே மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

கம்பெனியிலிருந்து ஜைனுதீன் என்பவர் வந்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய, அவசரக்கார மனிதர். படங்களைப் பார்த்துக்கொண்டே போனவர், தோட்டத்தார் பேசுவதைக் கேட்டு நடையைக் குறைத்தார். மறுபடி முதல் படத்திலிருந்து பார்த்தார். மருதமுத்துவுக்குப் பாதி உயிர் வந்தது.

"நல்லாருக்கு. ரிப்போர்ட்ல போட ஒரு படம் வேணும். பிள்ளைங்களோட நான் நிக்கிறேன், இந்தக் கேமராவுலயே எடுத்துக் குடுங்க. கேமரா வேலை செய்யுதுன்னு அதுதான் அத்தாட்சி. அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் ஜைனுதீன்.

கலைமகள் கேமராவை எடுத்தாள். உள்ளே டிஸ்க் இல்லை. கை கால் படங்கள் இருந்த டிஸ்க்கை ரஷீத் தன் மாமா கடையிலேயே மறந்து விட்டுவிட்டு வந்திருந்தான். கையில் இருந்தது அந்த ஒன்பது டிஸ்க்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் இருபது முகம்.

"ஒண்ண அழிச்சிட்டு எடுங்களேன். நேரமாகுது" என்றார் ஜைனுதீன்.

செய்தி கூடத்துக்குள் பரவியது. எவரையோ அழிக்கப் போகிறார்கள் என்றதும் ஊரே கேமராவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது.

"என்னோடது அதுலதான இருக்கு, மருதமுத்து?" என்று கேட்டார் தம்புசாமி, கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட் இருக்கு தம்பி. பாத்துப் பண்ணு" என்றாள் இருசம்மாள்.

மருதமுத்து கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அது வந்த நாளிலிருந்து அவர் ஒரு பொத்தானைக்கூட அமுக்கியதில்லை. கலைமகள் காட்டிக்கொடுக்க, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். தம்புசாமி, இருசம்மாள், கிராணி, பஸ் டிரைவர். வாசலில் பன்னிரண்டு பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினேழாவது படத்தில் அவரே இருந்தார். ரஷீத் எப்போதோ எடுத்தது: விறைப்பாக, பல் தெரியாமல்.

"எந்த பட்டன்மா அது?" என்று கலைமகளிடம் கேட்டார்.

"அண்ணே, வேணாம்ணே."

"சொல்லு."

அவள் காட்டினாள். அமுக்கினார். மருதமுத்து எங்கேயும் இல்லை.

அடுத்த நிமிஷம் படம் எடுத்தாயிற்று. திரையைப் பார்த்த ஜைனுதீன் உச்சுக் கொட்டினார். அவர் கண்ணை மூடிவிட்டிருந்தார். "இத அழிச்சிட்டு இன்னொண்ணு எடுங்க" என்றார்.

"முடியாதுங்க."

"ஏன்?"

"ஒங்க மொகம் இருக்குங்க அதுல. ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

கலைமகள்தான் அலமாரிச் சீட்டைக் காட்டி முழுக் கதையையும் சொன்னாள். ஜைனுதீன் சிரிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிரிக்கத்தான் செய்தார், ஆனால் நடுவில் நிறுத்திவிட்டு, "அப்ப இப்ப அழிச்சது யாரு படம்?" என்று கேட்டார்.

"அது என்னோடதுங்க. பரவால்ல."

கண் மூடிய படமே போதும் என்றார் ஜைனுதீன். கையெழுத்துப் போட்டார். கேமரா பள்ளியிலேயே இருக்கும் என்று தலைமையாசிரியர் அறிவித்ததும் பிள்ளைகள் மருதமுத்துவைத் தூக்காத குறைதான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் முனியம்மாவைப் பார்த்தார். தேநீர்த் தட்டோடு மூலையில் நின்றிருந்தாள். ஒரு கோப்பைகூட எடுபடாமல் ஆறிப்போயிருந்தது.

"என்னாத்துக்கு அப்படிப் பண்ணீங்க?"

"என் படம்தான. என் மொகத்த நான் அழிக்கிறேன், யாருக்கு என்னா?"

"ஒங்க மொகம் ஒங்களுக்கு மட்டுமா சொந்தம்?"

"நீதான் சொன்ன, பொட்டி என்னா பண்ணும்னு. காக்கா, பனம்பழம்னு."

"அது எனக்கு. ஒங்களுக்கு நான் சொன்னேனா?" என்றாள். கால் வீங்கிக் கிடந்தபோதுகூட அழாதவள் அழுதாள். மருதமுத்து ஆறிய தேநீரை எடுத்துக் குடித்தார்.

சனிக்கிழமை முனியம்மா தனியாகப் பஸ் ஏறி ஜாசின் கடைத்தெருவுக்குப் போய், புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தாள். திங்கட்கிழமை இடைவேளையில் கேன்டீனை அப்படியே போட்டுவிட்டு அறிவியல் கூடத்துக்கு வந்தாள். வைரஸ் பற்றி மருதமுத்து வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். எதை அமுக்க வேண்டும் என்று கலைமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, புருஷனைச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள்.

ஒன்றில் நெற்றி இல்லை. ஒன்றில் ஆடிப்போயிருந்தார். இரண்டில் கண் மூடியிருந்தது. ஒன்றில் சிரித்துத் தொலைத்துவிட்டார். டிஸ்க் நிறையும்வரை அவள் விடவில்லை. இருபதும் எடுத்து முடித்து, டிஸ்க்கை வெளியே எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"இனிமே எவன் வந்து நின்னாலும் இதுல ஒண்ண அழிச்சிக்குங்க. பாக்கிப் பத்தொம்பது என்கிட்ட இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போனாள்.