ஜெபம் முடியும்வரை பிடித்த கம்பி

எங்கள் சமோவா கிராமத்தில் பழைய சாமான்களுக்கு வரும் மறதிக்கெல்லாம் என் அண்ணி ஃபுவாடினோதான் வைத்தியர். கரண்ட் போய் வந்தால் நேரத்தை மறந்து கண்ணடிக்கும் வீடியோ டெக், ஸ்டேஷன்களைத் தொலைத்துவிட்டு இரையும் ரேடியோ, எது வந்தாலும் மடியில் போட்டுப் பிரித்துவிடுவாள். உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி செத்திருக்கும். அதை மாற்றிக் கொடுத்து, "இதுக்கு இருக்கிற ஞாபகம் உன் புருஷனுக்கு இருந்தா நல்லா இருக்கும்டி" என்று ஒரு குத்தலும் குத்தி அனுப்புவாள். வாய்தான் நீளம், கை சுத்தம்.

அந்தச் சனிக்கிழமை மாட்டிக்கொண்டது எங்கள் வீட்டுக் கீபோர்டு. திங்கட்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டப் போட்டி. எங்கள் ஆட்டத்துக்கான தாளம் முழுவதையும், ஆக்லாந்துக்குப் போய்விட்ட சித்தப்பா மகன் அதற்குள்தான் போட்டு வைத்திருந்தான், வேறெங்கும் இல்லை. உள் பேட்டரியோ சாகக் கிடந்தது. தாளம் போனால் போட்டியும் போச்சு. போன தடவை தோற்றதற்கே அந்த ஊர்க்காரர்கள் பஸ்ஸில் எங்களைப் பார்த்துக் கொக்கரிக்கிறார்கள்.

"பழசை எடுத்தா எல்லாம் மறந்துடாதா அண்ணி?"

"அதுக்குத்தான் இது." டார்ச் பேட்டரி இரண்டில் கட்டிய கம்பிகளை உள்ளே தொட்டுப் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சிருக்கிற வரைக்கும் மறக்காது. பழசை நெம்பி எடு லகி, புதுசை வை."

நெம்பி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியது. திடுக்கிட்டதில் புது பேட்டரி என் கையிலிருந்து நழுவிப் பாயில் உருண்டது. தேடுவதற்குள் அப்பா வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன் மேலேயே.

அப்பா ஊர்த்தலைவர். ஊர் முழுக்க ஜெபம் முடிந்ததென்று முடிவுச் சங்கு ஊதும்வரை யாராவது சத்தம் போட்டால் பெட்டி பெட்டியாக டின் மீன் அபராதம் போடுகிறவர். தெருவில் தடியோடு காவலும் நிற்கும்.

"கையைக் கூப்பும்மா" என்றார் அண்ணியிடம்.

"கூப்பினா தாளம் போயிடும் மாமா."

முறைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மழைக்கு ஜெபித்தார், பன்றிகளுக்கு ஜெபித்தார், ஆக்லாந்துச் சொந்தக்காரர்களுக்குப் பெயர் பெயராக ஜெபித்தார். அண்ணியின் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. மூக்கைச் சுளித்துச் சுளித்து அதை விரட்டப் பார்த்தாள், கம்பியை விடவில்லை. எனக்கோ பயமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின; உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"கடைசியா ஆண்டவரே, ரொம்ப நேரமா என் தொடைக்கு அடியில என்னமோ சில்லுன்னு உறுத்துது. யாரோடதோ, எடுத்துக்கட்டும். ஆமென்."

பாய்ந்து எடுத்துப் பொருத்தினேன். அண்ணி கம்பிகளை விட்டாள். தாளம் இருக்கிறதா, போய்விட்டதா? முடிவுச் சங்கு இன்னும் ஊதவில்லை. போட்டுப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அப்பாதான் பொறுக்கமாட்டாமல் பிளக்கைச் செருகி, தாளத்தின் பொத்தானைத் தட்டினார். சத்தம் உச்சத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் தாளம் ஓர் அடி பிசகாமல் கடற்கரை வரை அதிர்ந்தது! அண்ணி எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள். தடிக்காரர்கள் ஓடி வந்து வாசலில் வாயைப் பிளந்தார்கள்.

"என்னடா முறைக்கிறீங்க?" என்றார் அப்பா, தோள் இரண்டும் தாளத்துக்குக் குலுங்க. "நான் இன்னும் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்."